மேசைமீதும் படிமீதும் விழும் ஒளியைக் கணக்கிடுதல்

மின்குமிழ்ப் பெட்டியில் இரண்டு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். வாற்று என்பது குமிழ் உட்கொள்ளும் மின்வலு. லூமன் என்பது அது எல்லாத் திசைகளிலும் சேர்த்து உமிழும் ஒளி. பழைய 60 வாற்று இழைக்குமிழுக்கு ஈடாக விற்கப்படும் எல்.ஈ.டி. குமிழ் ஏறத்தாழ 800 லூமன் தரும். ஆயினும், பிள்ளை எழுதும் கொப்பியின்மீது எவ்வளவு ஒளி விழுகின்றது என்பதை இவ்விரு எண்களும் கூறுவதில்லை. அதைக் கூறும் அலகு லக்ஸ் ஆகும். ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு லூமன் விழுமாயின் அது ஒரு லக்ஸ்.

எல்லாத் திசைகளிலும் சமமாக ஒளிரும் குமிழ் ஒன்றின் லூமனை 12.6 ஆல் வகுத்தால், ஒரு திசையில் செல்லும் ஒளிச்செறிவு கிடைக்கும். 800 லூமனுக்கு அது ஏறத்தாழ 64 கன்டெலா. இவ்வலகின் முன்னோடி இலண்டனிலேயே சட்டமாயிற்று என்பது பலர் அறியாதது: 1860ஆம் ஆண்டின் மாநகர எரிவாயுச் சட்டம், குறித்த நிறையும் எரியும் வேகமும் கொண்ட திமிங்கில மெழுகுத்திரி ஒன்றையே ஒளியின் அளவுகோலாக வகுத்தது.

இனித் தூரம். குமிழுக்கு நேர் கீழே 1.5 மீற்றரில் மேசை இருப்பதாகக் கொள்வோம். 64ஐத் தூரத்தின் வர்க்கமான 2.25 ஆல் வகுக்க, 28 லக்ஸ் வரும். மேசையைச் சுவரோரமாக 2 மீற்றர் நகர்த்தினால், குமிழிலிருந்து மேசைவரையான சாய்தூரம் 2.5 மீற்றராகும். 64ஐ 6.25 ஆல் வகுத்தால் 10.2. ஒளி சாய்ந்து விழுவதால், உயரத்தைச் சாய்தூரத்தால் வகுத்து வரும் 0.6 ஆல் அதைப் பெருக்க வேண்டும். எஞ்சுவது 6 லக்ஸ் மட்டுமே. அதே குமிழை மேசைவிளக்கில் இட்டு அரை மீற்றர் உயரத்தில் வைத்தால் 256 லக்ஸ்! மின்கட்டணம் ஒரு சதமும் கூடுவதில்லை.

பல விளக்குகள் இருப்பின் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கணித்துக் கூட்ட வேண்டும். வெள்ளைச் சுவரும் உட்கூரையும் திருப்பியனுப்பும் ஒளி இதற்கு மேலதிகமாகும். சமையற் புகையும் சாம்பிராணிப் புகையும் படிந்த உட்கூரை அதைப் பெரிதும் விழுங்கிவிடும்.

எவ்வளவு ஒளி போதும்? சுகாதார, பாதுகாப்பு நிறைவேற்றகத்தின் வழிகாட்டி, வேலைத்தலங்களுக்குச் சராசரி அளவுகளைத் தருகின்றது: நடைபாதைக்கு 20 லக்ஸ், சமையற்கூடத்துக்கு 100, அலுவலகத்துக்கு 200. நடைபாதையில் எந்த இடத்திலும் 5 லக்ஸுக்குக் குறையலாகாது. வேலைத்தலத்தில் போதிய, பொருத்தமான வெளிச்சம் இருக்க வேண்டுமென 1992ஆம் ஆண்டின் வேலைத்தல ஒழுங்குவிதிகள் கட்டளையிடுகின்றன. கடையோ உணவகமோ நடத்தி ஆட்களை வேலைக்கமர்த்தும் நம்மவர்க்கும் இக்கடமை உண்டு. வீடுகளுக்கு இவ்வெண்கள் சட்டமல்ல. ஒப்பிட்டுப் பார்க்க உதவும் அளவுகோல்கள் மட்டுமே.

அதிக கவனம் வேண்டுவது மாடிப்படி. மேல்தளத்தின் உட்கூரையில் மட்டும் குமிழ் இருந்தால், கீழ்ப்படி ஏறத்தாழ 5 மீற்றர் தாழ்வில் இருக்கும். நேர் கீழே இருந்தாற்கூட 64ஐ 25 ஆல் வகுக்க 2.6 லக்ஸ்தான், படி விலகியிருந்தால் இன்னும் குறையும். அறுபது வயதில் விழித்திரையை அடையும் ஒளி, இருபது வயதில் அடைந்ததன் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே. பேத்திக்குத் தெளிவாகத் தெரியும் படிவிளிம்பு, அப்பம்மாவுக்குத் தெரியாமற் போவது இதனாலேயே. கீழ்த்தளத்தில் இரண்டாவது விளக்கு, இரு முனைகளிலும் ஆளி: வேண்டுவது இவ்வளவே.

வாடகைக்கு இருப்போர் படியின் இருளைச் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. 2004ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தின்கீழ் நகரசபை செய்யும் மதிப்பீட்டில், போதாத ஒளியும் படியில் விழும் ஆபத்தும் கணக்கிலெடுக்கப்படுகின்றன. குடியிருக்கத் தகுந்த நிலை பற்றிய 2018ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டு உரிமையாளருக்கு உரித்துள்ள பொதுப் படிகளையும் உள்ளடக்குகின்றது. முதலில் உரிமையாளருக்கு எழுத்தில் அறிவித்து, அதன் பிரதியை வைத்துக்கொள்ள வேண்டும். எந்தப் படி, விளக்கு எவ்வளவு தொலைவில் உள்ளது, எந்த நாள் முதல் எரியவில்லை என்பவற்றைக் குறிப்பிடுவது நலம். கைத்தொலைபேசியின் ஒளிமானிச் செயலி துல்லியமானதன்று. எனினும் மேற்படியையும் கீழ்ப்படியையும் ஒப்பிட்டுக் காட்ட அது போதும். உரிய காலத்தில் திருத்தம் நடைபெறாவிடின், அக்கடிதத்தின் பிரதியுடன் நகரசபையின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவை அணுகலாம்.