லண்டன் செத்தவீடு: கொள்ளி யாருக்கு?

ஊரில் பெண்கள் படலையோடு நின்றுவிடுவார்கள். சுடலைக்குப் போவது ஆண்கள். லண்டனில் எல்லோரும் காரில் ஏறித் தகன மண்டபத்துக்கே போய்விடுகிறோம். பாதி வழக்கம் தானாக மாறிவிட்டது. மீதிப் பாதியில்தான் சண்டை.

செய்ய வேண்டியவை

• மகள்தான் கிரியை செய்யப்போகிறாள் என்றால், குருக்களைப் பேசும்போதே சொல்லிவிடுங்கள். அவர் சம்மதிக்காவிட்டால் வேறொருவரைத் தேட நேரம் இருக்கும். தர்ப்பை போட்ட பிறகு பெட்டிக்கு முன்னால் வாதாட முடியாது.

• தகன விண்ணப்பத்தில் கையெழுத்து யாருடையது என்று பாருங்கள். இங்கிலாந்துச் சட்டம் அதில் ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை. சாம்பலும் விண்ணப்பித்தவர் சொல்பவர் கைக்கே போகும். ஆஸ்பத்திரிக்கு அலைந்து, படிவம் நிரப்பி, காசும் கட்டிய மகளை ஒதுக்கிவிட்டு, நோயில் கிடந்தபோது எட்டிப்பார்க்காத பெறாமகனைக் கொள்ளிக்குக் கூப்பிடுவது எந்த ஊர் நியாயம்?

• உலை அறைக்குள் எத்தனை பேர் போகலாம் என்று முன்பே கேளுங்கள். திறந்தவெளிச் சிதைக்காக வழக்காடிய தவீந்தர் கய் 2010இல் மேல்முறையீட்டில் வென்றார். ஆனாலும் நமக்கு வாய்ப்பது எரிவாயு உலைதான். இங்கே கொள்ளி என்பது பெரும்பாலும் ஒரு பொத்தானை அழுத்துவது. மகனும் மகளும் சேர்ந்தே அழுத்தலாம்.

செய்யக்கூடாதவை

• கணவனை இழந்தவரைச் சுற்றி நின்று தாலியைக் கழற்று, பொட்டை அழி என்று நெருக்காதீர்கள். கழற்றுவதா, எப்போது என்பதை அவரே சொல்லட்டும். கனடாவிலிருந்து வீடியோவில் உத்தரவு போடும் மாமி இருந்தால், போனை மேசையில் கவிழ்த்து வையுங்கள்.

• கிரியைக்கு வந்து நிற்கும் மகளிடம் மாதவிடாய் நாளா என்று விசாரிக்காதீர்கள்.

• தாலியையோ மோதிரத்தையோ மறந்து பெட்டிக்குள் விட்டுவிடாதீர்கள். உலைக்குப் போன நகை திரும்பாது. உடலில் பேஸ்மேக்கர் இருந்தால் மறைக்காதீர்கள், உலைக்குள் வெடிக்கும்.

பெரியவர்களுக்கு ஒன்று. ‘என் மகளே கொள்ளி வைக்கட்டும்’ என்று எழுதிவைத்தால் மட்டும் போதாது. இங்கிலாந்தில் அந்த ஆசை சட்டப்படி எவரையும் கட்டுப்படுத்தாது. மரணசாதனத்தை நிறைவேற்றுபவர் என்று யாரைக் குறிப்பிடுகிறீர்களோ, அவருக்கே உங்கள் உடலைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை. அந்த இடத்தில் மகளின் பெயரை எழுதுங்கள்.