சாக்கடல் சுருள்கள் எல்லாருக்கும் உரியவையான வரலாறு

தோண்டியெடுத்த பழம்பொருள் யாருக்குச் சொந்தம்? கண்டெடுத்தவருக்கா, ஆராய்கின்ற அறிஞருக்கா, அல்லது உலக மக்கள் அனைவருக்குமா? இக்கேள்விக்குச் சாக்கடல் சுருள்களின் வரலாறு நல்ல விடை தருகிறது. அதனைச் சுருக்கமாக இங்கே காண்போம்.

குகையில் கிடைத்த செல்வம்

1947-ஆம் ஆண்டளவில், சாக்கடலின் வடமேற்குக் கரையை அடுத்த கும்ரான் குகை ஒன்றில் ஆட்டிடையர்கள் சில மண்சாடிகளைக் கண்டனர். அவற்றினுள் பழைய தோற்சுருள்கள் இருந்தன. 1956-க்குள் 11 குகைகளில் சுருள்கள் அகப்பட்டன. கி.மு. 3-ஆம் நூற்றாண்டு முதல் கி.பி. முதல் நூற்றாண்டு வரை எழுதப்பட்ட ஏறத்தாழ 900 ஏடுகளின் பகுதிகள் அவை.

இவற்றுள் எசாயா ஆகமச் சுருள் 7 மீட்டருக்கும் மேல் நீளமானது. அதுவரை நாம் அறிந்திருந்த எபிரேயப் பிரதிகளைவிட இது சுமார் 1000 ஆண்டுகள் பழமையானது. இரண்டையும் ஒப்பிட்டபோது அவை பெரும்பாலும் ஒத்திருந்தன. கையால் பார்த்து எழுதியவர்கள் எவ்வளவு கவனமாக எழுதினார்கள் என்பதை எண்ணி வியக்கிறோம்.

பூட்டிய கதவு

1952-இல் நான்காம் குகையில் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகள் கிடைத்தன. கிழித்துக் கலந்துவிட்ட பல நூறு கடிதங்களை ஒட்டவைப்பது போன்ற வேலை அது! தோமினிக் சபைக் குருவான ரோலாண்ட் தே வோ அவர்களின் தலைமையில் ஒரு சிறு குழு எருசலேமில் இப்பணியை மேற்கொண்டது. அவர்களுடைய உழைப்பை நாம் குறைத்துப் பேசலாகாது. ஆயினும், வெளிவராத துண்டுகளைப் பிற அறிஞர்கள் பார்க்க இயலவில்லை. இவ்வாறே ஏறக்குறைய 40 ஆண்டுகள் கழிந்தன. காத்திருந்த அறிஞர் பலர் அவற்றைக் காணாமலே மறைந்தனர்.

திறந்த கதவு

குழுவினர் தம் உதவிக்கென ஒரு சொல்லடைவைத் தயாரித்திருந்தனர். 1991-இல் அமெரிக்க அறிஞர்களான வாக்கோல்டரும் ஏபெக்கும் அச்சொல்லடைவிலுள்ள சொற்களைக் கணினியின் உதவியால் கோத்து, மூல வாக்கியங்களையே மீட்டு வெளியிட்டனர். அதே மாதத்தில் கலிபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகம், தன்னிடமிருந்த சுருள்களின் புகைப்படங்களை எல்லா ஆய்வாளருக்கும் திறந்துவிட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் பழைய தடை நீங்கியது.

பின்னர் இணையம் துணைக்கு வந்தது. 2011-இல் எசாயா சுருளின் படங்களும், 2012-இல் ஆயிரக்கணக்கான துண்டுகளின் படங்களும் இணையத்தில் வெளியாயின. கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளும் அகச்சிவப்புக் கதிர்ப் படங்களில் தெரிகின்றன. இன்று பள்ளி மாணவியரும் அவற்றைப் பார்க்கலாம்.

விளைந்த நன்மை

பலர் கண்கள் பார்க்கும்போது உண்மை விரைவில் வெளிப்படுகிறது. எசாயா சுருளின் எண்முறைப் படங்களைக் கணினியால் ஆராய்ந்தவர்கள், அதனை இருவர் எழுதியிருக்க வேண்டும் என 2021-இல் அறிவித்தனர். 2020-இல் வாஷிங்டனிலுள்ள விவிலிய அருங்காட்சியகம், தன்னிடமிருந்த 16 துண்டுகளும் போலி என்ற ஆய்வறிக்கையை மறைக்காமல் வெளியிட்டது. தனக்கு இழப்பே ஆயினும் உண்மையைச் சொன்ன அச்செயல் பாராட்டத்தக்கது.

எதையும் உடனே வெளியிட்டால் பிழைகள் மலியாவா, உழைத்தவர் பெயர் மறையாதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆய்வாளருக்குப் போதிய அவகாசம் தர வேண்டும். பயன்படுத்துவோர் அவர் பெயரைக் கூற வேண்டும். காவல் இல்லாத இடங்களைப் பற்றிய விவரத்தைத் திருடர்களுக்கு அஞ்சி மறைப்பதும் தகும். ஆனால் அவகாசம் வேறு, ஆயுள் முழுவதும் பூட்டி வைப்பது வேறு.

முடிவுரை

விளக்கை மரக்காலின் கீழ் வைப்பதால் யாருக்கு என்ன பயன்? இரண்டாயிரம் ஆண்டுகள் குகை காத்த ஏடுகளை மனிதர் மீண்டும் மறைக்கலாகாது. தோழியரே, நாமும் கற்றதைப் பிறருடன் பகிர்ந்துகொள்வோம். பிறர் உழைப்பை எடுத்தாளும்போது அவர் பெயரை நன்றியுடன் குறிப்பிடுவோம்.