கறுத்த வாழைப்பழத்தை எறியாதீர்: வீட்டிலேயே பழக்காடி செய்யலாம்

வாழைத் தார் ஒன்று பழுக்கத் தொடங்கினால் மேல் சீப்பிலிருந்து கடைசிச் சீப்பு வரை சில நாட்களில் கனிந்துவிடும். வீட்டில் உண்டது போக, அக்கம்பக்கத்தில் கொடுத்தது போக, இரண்டு மூன்று சீப்புகள் தோல் கறுத்துத் தங்கிவிடுவது வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வாழை வைத்துள்ள வீடுகளில் வழக்கமாகக் காணக்கூடியதே. கறுத்த பழத்தைக் கடைக்காரர் வாங்குவதில்லை. அது மாட்டுத் தொட்டிக்கோ எருக்குழிக்கோ போய்ச் சேருகிறது. ஆனால் மாவுச்சத்து முழுவதும் சர்க்கரையாக மாறி இனிப்பு மிகுந்து நிற்பது அந்தக் கறுத்த பழத்தில்தான்.

இப்படித் தங்கும் பழத்தில் வீட்டிலேயே ஒயின் செய்யலாமா என்று பலரும் கேட்கின்றனர். செய்முறை எளிதே. ஆனால் 1970-ஆம் ஆண்டின் புதுச்சேரி கலால் சட்டப்படி, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். பழத்தில் செய்தது, குறைந்த அளவில் செய்தது என்பதெல்லாம் பாதுகாப்பு ஆகாது. எனவே பழத்தை ஒயினோடு நிறுத்தாமல் இன்னும் ஒரு படி முன்னே கொண்டு சென்று காடியாக, அதாவது கடையில் வினிகர் என்று கேட்டு வாங்கும் பொருளாக மாற்றிக்கொள்வதே குடும்பத்துக்கு ஏற்றது. காடி செய்யும் வழியிலும் சில நாட்கள் கலவையில் ஆல்கஹால் இருக்கும் என்பதால், தொடங்குமுன் அருகிலுள்ள கலால் அலுவலகத்தில் நடைமுறையைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

இரண்டு கட்டப் புளிப்பு

'வினிகர்' என்பது பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல். 'புளித்த ஒயின்' என்பதே அதன் பொருள். பொருளிலேயே செய்முறையும் அடங்கியிருக்கிறது.

முதல் கட்டத்தில் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் பழத்திலுள்ள சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. இதற்குக் காற்று தேவையில்லை. இரண்டாம் கட்டத்தில் அசிட்டிக் பாக்டீரியா என்னும் வேறொரு நுண்ணுயிர் அந்த ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக மாற்றுகிறது. இதற்குக் காற்று கட்டாயம் வேண்டும். பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1860-களில் இவ்விரு மாற்றங்களையும் ஆராய்ந்து, காடியாக மாறுவது உயிருள்ள நுண்ணுயிரின் வேலையே என்று எடுத்துக்காட்டினார்.

முதலில் காற்றை விலக்குவது, பிறகு காற்றை விடுவது: தொழிலின் சூட்சுமம் இவ்வளவே. பாலுக்கு உறை ஊற்றித் தயிர் ஆக்கத் தெரிந்தவர்களுக்கு இது புதிய வித்தை அல்ல. இங்கே இரண்டு முறை உறை ஊற்ற வேண்டும் என்பது மட்டுமே வேறுபாடு.

தேவையானவை

முதன்முறை செய்வோர் சிறிய அளவில் தொடங்குவது நல்லது. கீழ்க்கண்ட அளவு போதுமானது.

நன்கு கனிந்த வாழைப்பழம், தோல் நீக்கியது: 2 கிலோ
தண்ணீர்: 2 லிட்டர்
சர்க்கரை: 100 கிராம்
எலுமிச்சம்பழம்: 2
பேக்கரி ஈஸ்ட், உலர்ந்தது: 1 தேக்கரண்டி
உயிருள்ள காடி: 1 லிட்டர் (இரண்டாம் கட்டத்துக்கு)

பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி ஆகிய எந்த ரகமும் ஏற்றதே. தோல் கறுத்திருக்கலாம், ஆனால் சதையில் பூஞ்சணம் பிடித்த பழத்தையும் புழு வைத்த பழத்தையும் சேர்க்கக்கூடாது.

உயிருள்ள காடி என்பது சூடுபடுத்தாத, வடிகட்டாத, அடியில் கலங்கல் தெரியும் இயற்கைக் காடியாகும். 'மதர்' உள்ளது என்று குறிப்பிட்டு விற்கும் ஆப்பிள் காடி இதற்குப் பயன்படும். தண்ணீர்போல் தெளிந்த செயற்கை வினிகரில் பாக்டீரியா இருப்பதில்லை. அதை ஊற்றினால் உறை பிடிக்காது.

பாத்திரத்தில் கவனம் தேவை. கண்ணாடி, பீங்கான் ஊறுகாய் ஜாடி, எவர்சில்வர், உணவுக்கென்று செய்த பிளாஸ்டிக் ஆகியவை ஏற்றவை. செம்பு, பித்தளை, அலுமினியம், இரும்பு, துத்தநாகம் பூசிய வாளி ஆகியவற்றை அமிலம் அரித்துவிடும். அந்த உலோகம் காடியில் கலந்தால் நஞ்சாகும். எந்தப் பாத்திரமானாலும் கொதிக்கும் நீரில் கழுவி உலர்த்திய பின்பே பயன்படுத்த வேண்டும்.

முதல் கட்டம்

பழத்தை நன்கு மசித்து, தண்ணீரும் சர்க்கரையும் சேர்த்து, 15 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். இதனால் பழத்தோடு வந்த வேண்டாத கிருமிகள் மடியும். பாத்திரத்தை மூடி, கை பொறுக்கும் இளஞ்சூட்டுக்கு ஆறவிட்டு எலுமிச்சைச் சாறு பிழியவும். இந்தப் புளிப்பு, கெட்ட கிருமிகள் பெருகாமல் தடுக்கும், ஈஸ்ட்டுக்குத் தடையாகாது.

அரை டம்ளர் வெதுவெதுப்பான நீரில் ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டு, ஈஸ்ட்டைத் தூவிப் பத்து நிமிடம் வைத்தால் நுரைத்து எழும். நுரைக்காவிட்டால் அந்த ஈஸ்ட் செத்தது. வேறு வாங்க வேண்டும். நுரைத்த ஈஸ்ட்டைக் கூழில் கலக்கவும். கூழ் சூடாக இருக்கும்போது ஊற்றினால் ஈஸ்ட் வெந்துவிடும்.

கலவையை வாயகன்ற பாத்திரத்தில் முக்கால் பங்குக்கு மேற்படாமல் ஊற்றி, சுத்தமான துணியால் கட்டி நிழலில் வைக்கவும். 12 மணி நேரத்துக்குள் பொங்கத் தொடங்கும். மிதந்து வரும் சக்கையைத் தினம் இரு முறை சுத்தமான கரண்டியால் அழுத்திக் கலக்க வேண்டும். மூன்றாம் நாள் வெள்ளைத் துணியில் பிழிந்து சாற்றைக் குறுகிய வாயுள்ள பாட்டிலுக்கு மாற்றவும். மூடியில் துளையிட்டு மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செருகி, அதன் மறுமுனையை ஒரு டம்ளர் நீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும். வாயு குமிழியாக வெளியேறும். வெளிக்காற்று உள்ளே நுழையாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பொங்கிக்கொண்டிருக்கும் சாற்றை இறுக மூடிய கண்ணாடிப் பாட்டிலில் ஒருபோதும் வைக்கக்கூடாது. வாயுவின் அழுத்தத்தால் பாட்டில் வெடித்துச் சில்லுகள் சிதறும். குழந்தைகள் நடமாடும் வீட்டில் இது உயிருக்கே ஆபத்து.

நம் பகுதியின் வெப்பத்தில் மொத்தம் ஏழு அல்லது எட்டு நாட்களில் குமிழி அடங்கிவிடும். இனிப்பு மறைந்திருக்கும், அடியில் வண்டல் படிந்திருக்கும். வண்டலைக் கலக்காமல் மேல் தெளிவை மட்டும் இறுத்துக்கொண்டால் ஏறக்குறைய 3 லிட்டர் கிடைக்கும்.

இரண்டாம் கட்டம்

தெளிவைத் தாமதிக்காமல் அகன்ற வாயுள்ள ஜாடியில் ஊற்றி, 1 லிட்டர் உயிருள்ள காடியைக் கலக்கவும். முதல் நாளிலேயே புளிப்பு ஏறுவதால் மற்றக் கிருமிகள் தலையெடுக்க முடியாது. ஜாடியில் பாதி அல்லது முக்கால் பங்கு மட்டும் இருக்கட்டும். மேற்பரப்பு அகன்றிருந்தால்தான் காற்று படும். வேலை விரைவாக நடக்கும்.

வாயை இரண்டு மடிப்பு மெல்லிய துணியால் மூடிக் கயிற்றால் இறுகக் கட்ட வேண்டும். புளிப்பு வாசனைக்குச் சிறு ஈக்கள் மொய்க்கும். ஒன்று உள்ளே போனாலும் முட்டையிட்டுப் புழு வைத்துவிடும்.

ஜாடியை வெயில் படாத, காற்றோட்டமுள்ள மூலையில் அசைக்காமல் வைக்கவும். 25 முதல் 32 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏற்றது. சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரையின் கீழ் வைத்தால் பாக்டீரியா சோர்ந்துவிடும். பழகாதவர்கள் தை, மாசி மாதங்களில் தொடங்கினால் தவறு குறையும்.

ஓரிரு வாரங்களில் மேலே மெல்லிய ஏடு படியும். இதுவே 'தாய்'. இதைக் கிளறவோ அமிழ்த்தவோ கூடாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் சாராய நெடி நீங்கி, மூக்கில் ஏறும் சுத்தமான காடி மணம் வரும். அப்போதே எடுத்துவிட வேண்டும். ஆல்கஹால் தீர்ந்த பிறகும் காற்றில் விட்டுவைத்தால், அதே பாக்டீரியா தான் உண்டாக்கிய அமிலத்தையே தின்று கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றிவிடும். இரண்டு மாத உழைப்பு சப்பென்று போகும்.

அளவில் ஏன் கண்டிப்பு?

கனிந்த வாழைப்பழத்தின் 100 கிராம் சதையில் 15 முதல் 20 கிராம் வரை சர்க்கரை உண்டு. மேலே சொன்ன அளவுப்படி கலவையில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினொரு பங்கு சர்க்கரை அமைகிறது. 100 கிராம் சர்க்கரை கணக்குப்படி 51 கிராம் ஆல்கஹாலையும், அது சுமார் 66 கிராம் அசிட்டிக் அமிலத்தையும் தர வேண்டும். நடைமுறையில் சேதாரம் போக 50 கிராம் அளவில் கிடைத்தாலே நல்ல பலன்.

ஆசைப்பட்டுத் தண்ணீரைக் கூட்டினால் காடி நீர்த்துப்போய்ப் பூஞ்சணம் பிடிக்கும். சர்க்கரையை அள்ளிப் போட்டால் ஆல்கஹால் மிகுந்து பாக்டீரியாவை அடக்கிவிடும். காடி ஆகாமல் அரைகுறையாக நின்றுவிடும்.

கெட்டதை அறிவது எப்படி?

வழவழப்பான வெண்ணிற ஏடு நல்லது. பஞ்சுபோல் முடி முளைத்த பச்சை, கறுப்பு, வெள்ளைப் படலம் பூஞ்சணம். மேலே வழித்துவிட்டுப் பயன்படுத்தலாம் என்று எண்ணாமல் முழுவதையும் கொட்டிவிட வேண்டும். அழுகிய முட்டை நாற்றமோ அழுகல் வாடையோ வந்தாலும் அப்படியே. நான்கு வாரமாகியும் புளிப்பு ஏறவில்லையென்றால் உறை செத்தது என்று பொருள். புதிய உயிருள்ள காடியை ஊற்றிப் பார்க்கலாம்.

பழச் சாற்றை எந்தக் காரணத்துக்காகவும் காய்ச்சி வடிக்கக்கூடாது. அது கள்ளச்சாராயமே, சட்டத்திலும் உடல்நலத்திலும் அதற்கு மன்னிப்பு இல்லை. 2023 மே மாதம் புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணம் அருகிலுள்ள எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயத்தால் குடும்பங்கள் சீரழிந்ததை இப்பகுதி மக்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

பாட்டிலில் அடைத்தல்

காடியைத் துணியில் வடிகட்டும்போது ஒரு லிட்டரை ஏட்டோடு தனியே எடுத்து வைத்தால், அடுத்த முறைக்கு அதுவே உறை. மீதியை எவர்சில்வர் பாத்திரத்தில் 65 முதல் 70 டிகிரி வரை சூடாக்கி இறக்கவும். கொதிக்கவிட்டால் மணமும் அமிலமும் ஆவியாகும். வெந்நீரில் கழுவிய பாட்டிலில் கழுத்து வரை நிரப்பிப் பிளாஸ்டிக் மூடியால் மூட வேண்டும். தகர மூடி துருப்பிடிக்கும்.

வெங்காயப் பச்சடிக்கும், மீன் கறி, இறைச்சி ஊறவைப்பதற்கும் இக்காடி நன்கு பயன்படும். ஆண்டுக்கணக்கில் வைக்கும் ஊறுகாய்க்கு மட்டும் அவசரப்பட்டு ஊற்றக்கூடாது. இயற்கைக் காடியில் குறைந்தது 3.75 சதவீதம் அமிலம் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு உணவுத் தர விதி. நாக்கால் இதை அளக்க முடியாது. ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். புளிப்புக் குறைந்த காடியில் போட்ட ஊறுகாய், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் நஞ்சாகலாம்.

சுய உதவிக் குழுவாகச் சேர்ந்து விற்க விரும்புவோர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, அமில அளவைச் சோதித்து, லேபிளில் குறிப்பிட வேண்டும். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் தொடங்கப்பட்டது புதுச்சேரியில்தான். குரும்பாபேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகி, பழங்களைப் பதப்படுத்துவது குறித்து ஆலோசனை கேட்கலாம்.

இரண்டு கிலோ பழத்தில் யாரும் பணக்காரர் ஆகப்போவதில்லை. ஆனால் குப்பைக்குப் போகும் பழம் மூன்று லிட்டர் காடியாக அடுக்களையில் இருக்கும். ஒரு முறை கை பழகிவிட்டால், நாவல், கொய்யா, அன்னாசி என்று பருவத்துக்கு ஏற்ற பழத்தில் இதே முறையைக் கையாளலாம். பழத்தின் இனிப்புக்குத் தக்கபடி சர்க்கரையைக் கூட்டிக் குறைத்துக்கொள்வதே அதில் கற்க வேண்டிய பாடம்.