மைனஸ் விடை வந்தால் அடிக்காதீர்கள்



எங்கள் தெருவில் இரண்டாம் பி.யூ.சி. படிக்கும் பையன் ஒருவன் மின்சுற்றுக் கணக்கு ஒன்றைக் கொண்டுவந்தான். ஒரு மின்னோட்டத்துக்கு மைனஸ் விடை வந்ததும் பக்கம் முழுவதையும் அடித்துவிட்டிருந்தான். போட்டது சரி; அடித்ததுதான் தப்பு.

பெரம்பூரில் 1955 முதல் தயாரான பழைய வகை ரயில் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில், சக்கர அச்சோடு பெல்ட்டால் இணைந்த மின்னாக்கி; பக்கத்தில் பாட்டரி. இரண்டும் ஒரே விளக்குக் கம்பியில் சேர்கின்றன. நிஜ அளவுகள் வேறு. கணக்குக்காகச் சிறிய எண்களை எடுப்போம்.

மின்னாக்கி 12 வோல்ட், பாட்டரி 6 வோல்ட். ஒவ்வொன்றின் வழியிலும் 2 ஓம் மின்தடை. விளக்கு 8 ஓம். மின்னாக்கியிலிருந்து வரும் மின்னோட்டம் க. பாட்டரியிலிருந்து வருவது ச. இரண்டும் விளக்கை நோக்கி வருவதாக அம்புக்குறி போடுங்கள். உண்மைத் திசை தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம்.

கிர்க்காஃப் 1845இல், 21 வயது மாணவராக இருந்தபோது தந்த விதிகள் இரண்டு. ஒன்று: சந்திக்கு வரும் மின்னோட்டமும் வெளியேறுவதும் சமம். எனவே விளக்கில் ஓடுவது க + ச. இரண்டு: ஒரு மூடிய சுற்றில் கொடுத்த வோல்ட்டும் செலவான வோல்ட்டும் சமம்.

மின்னாக்கிச் சுற்று: 12 = 2க + 8(க + ச)
பாட்டரிச் சுற்று: 6 = 2ச + 8(க + ச)

இரண்டையும் கூட்டினால் 18 = 18(க + ச); அதாவது க + ச = 1.
முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 6 = 2(க − ச); அதாவது க − ச = 3.
ஆகவே க = 2 ஆம்பியர், ச = −1 ஆம்பியர்.

இந்த மைனஸ் சொல்வது இதுதான்: அளவு 1 ஆம்பியர், திசை நாம் போட்ட அம்புக்கு எதிர். பாட்டரி கொடுக்கவில்லை, வாங்கிக்கொள்கிறது. ஓடும் வண்டியில் பாட்டரி சார்ஜ் ஆவது இப்படித்தான். வண்டி ஜோலார்பேட்டையில் நின்றால் மின்னாக்கி விலகிவிடும். அப்போது பாட்டரி மட்டும் 6 ÷ (2 + 8) = 0.6 ஆம்பியர் கொடுக்கும். இப்போது பிளஸ்!

விடையைச் சரிபார்க்க வரவு செலவு பாருங்கள். மின்னாக்கி தருவது 12 × 2 = 24 வாட். விளக்குக்கு 8, இரு வழித் தடைகளில் 8 + 2, பாட்டரிக்கு 6. மொத்தம் 24. பைசா குறையவில்லை.

வீட்டுக்கணக்கு: பாட்டரி எத்தனை வோல்ட் இருந்தால் ச பூஜ்யமாகும்? விடை 9.6. வழியைப் பிள்ளைகள் போடட்டும். பெற்றோர் பக்கத்தில் உட்காருங்கள். மைனஸ் வந்தால், அடிக்குமுன் அது என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.