முன்கதையும் வாசிப்பு வரிசையும்: ‘சிவகாமியின் சபதம்’ வாசக ஏற்பை முன்வைத்து

கல்கி இதழில் ‘பார்த்திபன் கனவு’ 1941–42இலும் ‘சிவகாமியின் சபதம்’ 1944–46இலும் தொடராக வெளிவந்தன. கதைக்காலத்திலோ பின்னதே முந்தையது. ஆகவே தொடராகப் படித்த முதல் தலைமுறை வாசகர், மாமல்லர் வாதாபியை வென்று மீள்வார், குந்தவிக்குத் தந்தையாவார் என்பதை முன்னரே அறிந்திருந்தனர். அவர்க்குப் போரின் முடிவு புதிரன்று. வென்ற அரசரின் வாழ்வில் சிவகாமிக்கு இடம் உண்டா என்பதே வினா.

இவ்வகையில் ஆராயத்தக்கவர் நாகநந்தி. ‘பார்த்திபன் கனவி’ல் நரபலி கேட்கும் ஒற்றைக்கைக் கபால பைரவராக அச்சுறுத்தியவர், முன்கதையில் கலைவேட்கையாலும் காதலாலும் சிதையும் பிக்குவாகிறார். கை போன கதையும் அங்கேதான் விளங்குகிறது. வெறுப்போடு நுழைந்த வாசகர் இரக்கத்தை நோக்கி நகர்கிறார். கதைக்கால வரிசையில் படிப்போர்க்கு இந்நகர்வு வாய்ப்பதில்லை. அவர்க்குக் கபால பைரவர் நாகநந்தியின் எச்சம் மட்டுமே. இவ்விரு புதினங்களையும் பாடமாக்குவோர் வெளியீட்டு வரிசையையே பின்பற்றுதல் வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. வரலாற்று வரிசை மாணவர்க்கு எளிதுதான். ஆனால் அது நாகநந்தியைக் குறைத்துவிடுகிறது.

ஏற்பு, வாசகரின் ஊரைப் பொறுத்தும் வேறுபடும். போர் நெருங்கும் வேளையிலும் அஜந்தா வர்ண இரகசியத்தையே நாடும் ஆயனரின் பித்து, பிற இடங்களில் நகைப்புக்கிடமாகலாம். உளியோசை அன்றாடமான மயிலாடியில் அது தொழிலின் இயல்பாகவே படும்.