மாறா விகித விதி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: நீரில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் 2:1 என்று இருப்பதைத்தான் மாறா விகித விதி சொல்கிறது.

2:1 என்பது அணுக்களின் எண்ணிக்கை. விதி பேசுவது நிறையை: ஒரு சேர்மத்தில் தனிமங்களின் நிறை விகிதம் எப்போதும் ஒன்றே. நீரில் அது ஏறத்தாழ 1:8. டால்டனின் அணுக்கொள்கை வருவதற்கு முன்பே, தராசை மட்டும் நம்பிக் கண்டறிந்த விதி இது. ஸ்பெயினில் பணியாற்றிய பிரெஞ்சு வேதியியலாளர் ஜோசப் பிரௌஸ்ட் 1799இல் செம்புக் கார்பனேட்டை ஆராய்ந்தார். செம்பை நைட்ரிக் அமிலத்தில் கரைத்தாலும் கந்தக அமிலத்தில் கரைத்தாலும், சோடியம் கார்பனேட் சேர்த்தபோது 100 பங்கு செம்புக்கு 180 பங்கு பச்சை வீழ்படிவு கிடைத்தது. பூமியில் கிடைத்த கார்பனேட்டின் இயைபும் அதுவேதான். இன்றைய கணக்குப்படி 180 சற்று அதிகம், சுமார் 174 வந்திருக்க வேண்டும். ஆனாலும் எந்த வழியில் தயாரித்தாலும் எண் மாறவில்லை என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

நம்பிக்கை: ஒரு தனிமத்தைக் கூடுதலாகச் சேர்த்தால் சேர்மத்திலும் அது கூடும்.

இதை வாதிட்டவர் சாதாரண ஆள் அல்ல. லவாய்சியேயுடன் சேர்ந்து வேதிப்பெயரிடலை வகுத்த வேதியியலாளர் பெர்தோலே. உலோகக் கலவைகள், கரைசல்கள், கண்ணாடி ஆகியவற்றை அவர் சான்றாகக் காட்டினார். அவை சேர்மங்களே அல்ல என்பது பிரௌஸ்டின் பதில். இயைபு படிப்படியாக மாறுவதாகத் தோன்றிய சில ஆக்சைடுகளும் இரண்டு ஆக்சைடுகளின் கலவைகளே என்று அவர் பிரித்துக் காட்டினார். ஒரு கிராம் ஹைட்ரஜனைப் பத்து கிராம் ஆக்சிஜனில் எரித்தால் சுமார் ஒன்பது கிராம் நீர்தான் கிடைக்கும். மீதி ஆக்சிஜன் அப்படியே நிற்கும்.

நம்பிக்கை: விகிதம் ஒன்றானால் பொருளும் ஒன்று.

குளுக்கோஸிலும் வினிகரின் அசிட்டிக் அமிலத்திலும் கார்பன் 40 சதவீதம். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்கூட ஒரே அளவு. ஒன்று இனிக்கும், மற்றது புளிக்கும். விதியைத் தலைகீழாகப் படிக்க முடியாது.

நம்பிக்கை: விதிக்கு விலக்கே கிடையாது.

பாடநூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தை அவசரமாகக் கடந்துவிடுகின்றன. சாதாரணக் காரீயத்தின் அணு நிறை 207.2. இலங்கையின் தோரைட் தாதுவிலிருந்து வேதியியலாளர் சாடி பிரித்தெடுத்த காரீயமோ சுமார் 207.7. ஐசோடோப்புகளின், அதாவது ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறை கொண்ட அணுக்களின், பங்கு வேறுபட்டதே காரணம். ஆகவே அந்தக் காரீயத்தில் செய்த சேர்மத்தின் நிறை விகிதமும் நுட்பமாக மாறும். திடப்பொருள்களில் இதைவிடப் பெரிய விலகல் உண்டு. ஃபெரஸ் ஆக்சைடில் 100 ஆக்சிஜன் அணுக்களுக்குப் பொதுவாக 95 அல்லது அதற்கும் குறைவான இரும்பு அணுக்களே இருக்கும். தயாரிக்கும் முறையைப் பொறுத்து இந்த எண்ணும் மாறும். படிகத்தில் சில இரும்பு இடங்கள் காலியாக விடப்படுவதே இதற்குக் காரணம். இத்தகைய சேர்மங்களுக்கு ரஷ்ய வேதியியலாளர் குர்னக்கோவ், வாதத்தில் தோற்றவரின் பெயரால், பெர்தோலைடுகள் என்று பெயரிட்டார்.