மழைநீர் வடிகாலில் நம் வீட்டு நஜீஸ்

மழைநீரைத் திருக்குர்ஆன் ‘தஹூர்’ என்று குறிப்பிடுகிறது (ஃபுர்கான் 25:48). தானும் சுத்தமாயிருந்து, பிறவற்றையும் சுத்தப்படுத்தக் கூடியது என்று ஃபுகஹாக்கள் அதற்கு விளக்கம் கூறுவர். உளூவின் பாடமே இந்தத் தண்ணீரிலிருந்துதான் தொடங்குகிறது. நம் மொட்டை மாடியில் தஹூராக விழும் அந்த நீர் தெருவை அடைந்தபின் என்ன ஆகிறது என்பதை இங்கே கவனிப்போம்.

சென்னையை எடுத்துக்கொள்வோம். அங்கே தெருவோடு செல்லும் வழிகள் இரண்டு. ஒன்று குடிநீர் வாரியத்தின் பாதாளச் சாக்கடை. கழிவறை, குளியலறை, அடுக்களை நீரெல்லாம் அதன் வழியே கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி போன்ற இடங்களிலுள்ள சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போக வேண்டும். மற்றது மாநகராட்சியின் மழைநீர் வடிகால். அதன் முடிவில் சுத்திகரிப்பு எதுவும் கிடையாது. வந்தது வந்தபடியே கூவத்திலோ, அடையாற்றிலோ, பக்கிங்காம் கால்வாயிலோ விழுந்து கடலைச் சேரும். சித்திரை வெயிலில் மழையே இல்லாத நாளில் ஒரு வடிகால் ஓடி நாறுகிறதென்றால், எங்கோ கழிவுநீர் அதில் கலக்கிறது என்று பொருள்.

பாதாளச் சாக்கடை இணைப்புக்கு மனுப் போட வேண்டும், பணம் கட்ட வேண்டும். வடிகாலோ வாசலிலேயே இருக்கிறது. இரவோடிரவாக ஒரு துளை போட்டுக் குழாயைச் செருகி விடுகிறார்கள். செப்டிக் டேங்கின் வழிநீரை அதில் விடுவோரும் உண்டு. கசடும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து வடிகால் அடைத்துக்கொள்கிறது. ஐப்பசியில் மழை கொட்டும்போது எல்லாம் கலந்து தெருவில் நிற்கிறது. ஸுப்ஹுத் தொழுகைக்குப் போகும் முதியவரும், மதரஸாவுக்குப் போகும் பிள்ளையும் அதில்தான் கால் வைக்க வேண்டும். தெருச் சேற்றில் தவிர்க்க முடியாத அளவுக்கு ஷாஃபிஈ கிதாபுகளில் சலுகை உண்டு, உண்மைதான். ஆனால் நஜீஸ் கலந்து நிறமோ சுவையோ வாடையோ மாறிவிட்ட நீர், எவ்வளவு பெருகி நின்றாலும் நஜீஸ்தான். நாம் மும்மூன்று முறை கழுவி உளூச் செய்கிறோம். அடுத்த வீட்டாரின் தொழுகை உடைக்கு நம் குழாய் என்ன செய்கிறது?

தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மக்கள் நீரெடுக்கும் இடத்திலும், நடைபாதையிலும், நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்தைத் தேடித் தரும் என்று அபூதாவூதில் எச்சரிக்கை வந்துள்ளது. அதையே குழாய் வைத்துச் செய்தால் குற்றம் நீங்கிவிடுமா?

அடுக்களை நீர் நஜீஸ் அல்லவே, அதை விடலாமே என்று சிலர் கேட்கக் கூடும். இங்கே நஜீஸ் மட்டுமன்று, பிறருக்குத் தீங்கு என்பதும் மஸ்அலாதான். ஹனஃபி சட்டங்களை வைத்து உதுமானிய அரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லாவின் 1212-ஆம் விதி இதைப் பேசுகிறது. பிறர் கிணற்றருகே சாக்கடையோ கழிவுக் குழியோ அமைத்து, கிணற்று நீர் கெட்டால், அமைத்தவரே தீங்கை நீக்க வேண்டும். வேறு வழியில்லையானால் குழியைத் தூர்த்துவிட வேண்டும். பாட்டனார் காலத்துக் குழாய் என்ற சாக்கும் செல்லாது. பழமையால் தீங்கு உரிமையாகிவிடாது என்பது அந்நூலின் 7-ஆம் விதி.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. மாடி மழைநீரைப் பாதாளச் சாக்கடையில் இணைத்துவிடுகிறார்கள். அத்தனை நீரை அந்தக் குழாய் தாங்காது. மூடியைத் தள்ளிக்கொண்டு மலநீர் தெருவுக்கு வரும். மாடி நீர் போக வேண்டிய இடம் சேகரிப்புத் தொட்டி அல்லது உறிஞ்சு குழி. தமிழ்நாட்டில் 2003 முதலே அது எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம்.

நம் வீட்டுக் குழாய் எங்கே போகிறது என்று தெரியாவிட்டால், மழையில்லாத நாளில் கழிவறையில் சிறிது சொட்டு நீலம் ஊற்றித் தண்ணீர் விடுங்கள். வெளியே வடிகாலின் திறப்பில் நீலம் தெரிந்தால் விஷயம் முடிந்தது. (நீலம் தெரியவில்லை என்பதால் மட்டும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம்.) மூடியைத் திறக்கவோ ஆளை இறக்கவோ கூடாது, விஷ வாயு உயிரைக் குடிக்கும், 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத் தடுக்கிறது. குடிநீர் வாரியத்தில் மனுக் கொடுத்து முறையான இணைப்பைப் பெறுங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் சொல்வது குடியிருப்பவரின் கடமை, செலவு வீட்டுக்காரருடையது.

வக்ஃபு வீடுகளில் அந்தப் பொறுப்பு முத்தவல்லியைச் சேரும். வக்ஃபின் வருமானத்தில் முதலில் அச்சொத்தைச் செப்பனிட வேண்டும் என்பதே ஃபிக்ஹுச் சட்டம். ஆகவே இந்த ஆண்டு ஜமாஅத் கணக்கில், விழாச் செலவுக்கு முன்னால் அந்த வீடுகளின் குழாய்களுக்கு ஒரு தொகை எழுதப்பட வேண்டும்.